தம்மை விடுவதும், விட்டபின் நெஞ்சு தன்னைக் கழுவிக்கொள்வதும்

வடசென்னை டீக்கடைகளில் டீயும் தம்மும் (சிகரெட்டோ பீடியோ) ஒரே ஆர்டர். கிளாஸ் ஒரு கைக்கு வந்ததும், மறு கை கடைத்தூணில் நூல் கட்டித் தொங்கும் லைட்டரைத் தேடும். காசிமேட்டில் ஏலம் தொடங்குமுன் இருட்டில் ஒன்று, எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரி வரிசை நகரும்வரை நாலைந்து, மணலியில் ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கையில் ஒன்று. இவை எல்லாமே காத்திருக்கும் நேரத்துத் தம். இதைக் கவனிக்காமல், "மனசு வைத்தால் போதும்" என்று இறங்குகிறவர்கள் மூன்றாம் நாளே அதே தூணடியில் நிற்பார்கள். உடம்பு கேட்கும் நிகோடினுக்கு ஒரு வழி, கை கேட்கும் பழக்கத்துக்கு வேறு வழி. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

விடுவதற்கு முன் நாலு நாள் கணக்கு

நாலு நாள் எதையும் குறைக்க வேண்டாம், எழுதினால் போதும். பாக்கெட்டைச் சுற்றி ஒரு துண்டுக் காகிதத்தை ரப்பர் பேண்டால் கட்டிவையுங்கள். லூஸில் வாங்குகிறவர்கள் போனில் குறிக்கலாம். மணி, இடம், கூட யார், கையில் டீயா சரக்கா என்பதோடு, எவ்வளவு அவசியமாகத் தோன்றியது என்று 1 முதல் 3 வரை ஒரு எண். பற்றவைப்பதற்கு முன்பே எழுத வேண்டும். அடித்த பிறகு எழுதினால் எல்லாவற்றுக்கும் 3 போடத் தோன்றும்.

இந்தக் காகிதத்தில் முதலில் பார்க்க வேண்டியது, தூங்கி எழுந்து எத்தனை நிமிஷத்தில் முதல் தம் என்பது. 30 நிமிஷத்துக்குள் என்றால் நிகோடின் பிடி பலமாக இருக்கிறது, 5 நிமிஷத்துக்குள் என்றால் இன்னும் பலம். இவர்கள் வெறுங்கையோடு இறங்குவதைவிட மருந்துத் துணையோடு இறங்குவது நல்லது. அடுத்தது, 1 போட்ட தம்கள். வேண்டும் என்று தோன்றாமலே கை எடுத்த தம்கள் இவைதான். அந்த இடங்களை முதலில் மாற்றினால் விடும் நாளில் பாரம் பாதியாகத் தெரியும்.

தேதி குறிப்பது

இரண்டு வாரத்துக்குள் ஒரு நாள். "பொங்கல் கழியட்டும்" என்று தள்ளினால் ஆடியும் வந்துவிடும். நைட் ஷிப்ட் வாரத்தில் தொடங்காதீர்கள், தூக்கம் கெட்டிருக்கும்போது ஆசை இரட்டிப்பாக வரும். படகுத் தொழிலாளிகளில் பலர் மீன்பிடித் தடைக்காலத்தில் விடலாம் என்று நினைப்பார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கரையில்தானே என்பது கணக்கு. ஆனால் வேலையில்லாத கை தம்மைத்தான் தேடும். வலை பின்னுகிற வேலையோ படகு ரிப்பேரோ கையில் இருந்தால் மட்டும் அந்தக் காலம் ஒத்துவரும்.

கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பதா, ஒரேயடியாக விடுவதா என்று கேட்டால், ஒரேயடிதான் எங்கள் பரிந்துரை. 2016-ல் இங்கிலாந்தில் 697 பேரை இரண்டு குழுவாகப் பிரித்துப் பார்த்த ஆய்வு ஒன்று வெளியானது. ஆறு மாதம் கழித்தும் புகைக்காமல் இருந்தவர்கள், ஒரேயடியாக விட்ட குழுவில் 22 சதவீதம், குறைத்து விட்ட குழுவில் 15.5 சதவீதம். பத்தை ஐந்தாகக் குறைத்தவர் அந்த ஐந்தையும் அடிவரை ஆழமாக இழுத்துவிடுவார் என்பது இதில் இருக்கும் தொல்லை.

முந்தின நாள் ராத்திரி சட்டைப்பை, பைக்கின் டேங்க் கவர், லாரி டாஷ்போர்டு, சாமி படத்துக்குப் பின்னால் செருகிய எமர்ஜென்சி துண்டு பீடி எல்லாவற்றையும் எடுத்துத் தண்ணீரில் நனைத்துக் குப்பையில் போடுங்கள். நனைக்காமல் போட்டால் குப்பையிலிருந்து திரும்ப எடுக்கும் கை உண்டு. பெட்டிக்கடையில் கடன் நோட்டு இருந்தால் பாக்கியைத் தீர்த்து, "இனி எனக்குக் கடன் எழுதாதீங்கண்ணா" என்று சொல்லிவிட்டு வாருங்கள். காசு கையில் இல்லாத நேரத்துத் தம் பெரும்பாலும் அந்த நோட்டு வழியாகத்தான் வருகிறது.

நிகோடின் கம்: மென்றால் கெட்டது

மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் நிகோடின் சூயிங்கம்மை வாங்கி, "நமக்கு ஒத்துவரல" என்று தூக்கிப்போட்டவர்களில் பெரும்பாலோர் அதைப் பபிள்கம் மாதிரி மென்றவர்கள். நிகோடின் கன்னத்தின் உள்தோல் வழியாக ரத்தத்தில் சேர வேண்டும். வேகவேகமாக மென்றால் எச்சிலோடு வயிற்றுக்குப் போய், ஈரல் அதைச் சிதைத்துவிடும். மிஞ்சுவது விக்கல், நெஞ்செரிச்சல், குமட்டல்.

சரியான முறை இது. ஒரு கம்மை வாயில் போட்டு மெல்ல, நொடிக்கு ஒரு தரம்கூட வேண்டாம், பத்துப் பதினைந்து முறை மெல்லுங்கள். மிளகு கடித்ததுபோல் ஒரு காரமோ சுரீரென்ற உணர்வோ வரும். உடனே நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கிவையுங்கள். ஒரு நிமிஷம் போனால் காரம் அடங்கும். திரும்ப நாலைந்து மெல்லு, காரம் வந்ததும் மறுபக்கக் கன்னத்தில் ஒதுக்கு. இப்படி அரை மணி நேரம். காரம் வராமல் போனால் சத்து தீர்ந்தது, காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போட்டுவிடலாம். குழந்தைகள் கைக்கு எட்டக்கூடாது.

கம் வாயில் இருக்கும்போதும், போடுவதற்கு 15 நிமிஷம் முன்பும் டீ, காபி, கலர், எலுமிச்சை ஜூஸ் கூடாது. வாயில் புளிப்புத்தன்மை ஏறினால் நிகோடின் உறிஞ்சப்படாது. தண்ணீர் பரவாயில்லை. டீயோடு கம் போட்டுவிட்டு வேலை செய்யவில்லை என்று சொல்வது இந்த ஊரில் அடிக்கடி நடக்கும் தப்பு.

அளவு: பொதுவாக 2 மி.கி. எழுந்த அரை மணிக்குள் அடிப்பவர்களுக்கும் நாளைக்கு 20-க்கு மேல் போகிறவர்களுக்கும் 4 மி.கி. தேவைப்படலாம், அதை டாக்டரிடம் கேட்டு எடுங்கள். முதல் ஆறு வாரம், ஆசை வந்தபிறகு தேடாமல் 1 அல்லது 2 மணிக்கு ஒன்று என்று நேரம் வைத்துப் போடுங்கள். தம்மில் நிகோடின் மூளையைத் தொட 10 முதல் 20 விநாடி போதும், கம்முக்கு 20 நிமிஷத்துக்கு மேல் ஆகும். பசி வந்தபின் உலை வைத்தால் எப்படி? ஏழாவது வாரம் முதல் ஒன்பது வரை 2 முதல் 4 மணிக்கு ஒன்று, பத்து முதல் பன்னிரண்டு வரை 4 முதல் 8 மணிக்கு ஒன்று. ஒரு நாளில் 24-ஐத் தாண்டக்கூடாது. கம் எடுப்பவர்கள் செய்யும் இன்னொரு தப்பு, நாளைக்கு இரண்டு மூன்றோடு கஞ்சத்தனம் பிடித்து, பத்தாம் நாள் "இனி வேண்டாம், நல்லாத்தான் இருக்கேன்" என்று நிறுத்துவது.

பல்செட் வைத்தவர்களுக்குக் கம் ஒட்டிக்கொள்ளும். அவர்கள் சப்பும் மாத்திரையோ, தோலில் ஒட்டும் பேட்சோ கேட்கலாம். சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் நிகோடின் எடுக்கக்கூடாது. வரெனிக்ளின், புப்ரோபியான் என்ற மாத்திரைகளும் உண்டு. இரண்டும் டாக்டர் சீட்டோடு, விடும் நாளுக்கு ஒன்றிரண்டு வாரம் முன்பே தொடங்குவது வழக்கம். வலிப்பு வந்தவர்களுக்குப் புப்ரோபியான் கூடாது.

முதல் மூன்று நாள்

கடைசித் தம்முக்குப் பிறகு இரண்டாவது, மூன்றாவது நாள்தான் உச்சம். எரிச்சல், தலைபாரம், எதிலும் மனம் நிற்காமை, வீட்டில் ஒரு சின்ன வார்த்தைக்கும் சண்டை. வீட்டில் இருப்பவர்களிடம் முன்பே தேதியைச் சொல்லிவையுங்கள். இரண்டு முதல் நாலு வாரத்தில் பெரும்பகுதி அடங்கும். பசி மட்டும் இன்னும் சில மாதம் நிற்கும்.

ஆசை ஒவ்வொன்றும் அலை மாதிரி. மேலே ஏறி, பெரும்பாலும் 3 முதல் 5 நிமிஷத்தில் இறங்கிவிடும். போனில் ஸ்டாப்வாட்ச்சைப் போட்டுப் பாருங்கள். தள்ளிப்போடுவது நாள் முழுக்க இல்லை, அந்த ஐந்து நிமிஷம். அதற்குள் செய்ய ஏதாவது வேண்டும்: ஒரு சொம்பு தண்ணீரை மடக்கு மடக்காகக் குடிப்பது, மூக்கால் 4 எண்ணும்வரை இழுத்து வாயைக் குவித்து 6 எண்ணும்வரை விடுவது, லாரியை விட்டு இறங்கி டயரைத் தட்டிக்கொண்டே ஒரு சுற்று வருவது. சட்டைப்பையில் சிகரெட் இருந்த அதே இடத்தில் ஒரு சின்ன டப்பாவில் சோம்பு, நாலு கிராம்பு, உலர்ந்த நெல்லிக்காய். சில்லறை விஷயம்தான், ஆனால் கை அங்கேதான் போகும், அங்கே ஏதாவது அகப்பட வேண்டும்.

டீக்கடையை இரண்டு வாரத்துக்கு மாற்றுங்கள். மாற்ற முடியாதவர்கள் கடைக்குள் உட்கார்ந்து குடியுங்கள், தூணடியில் நிற்காதீர்கள். கேரம் கிளப் போகிறவர்களுக்கு ஆட்டம் உதவும், ஸ்ட்ரைக்கர் பிடித்த கைக்குத் தம் பிடிக்க நேரமில்லை. வாசலில் கும்பலாகப் புகைக்கும் இடைவேளையில்தான் ஜாக்கிரதை.

டீ விஷயத்தில் ஒன்று பலருக்குத் தெரியாது. புகையில் உள்ள சில பொருள்கள், காஃபினைச் சிதைக்கும் ஈரல் நொதியைத் தூண்டிவிடும். புகை நின்றதும் அந்த வேகம் சில நாளில் குறைந்துவிடும். ஆக, அதே ஐந்து டீ குடித்தாலும் ரத்தத்தில் காஃபின் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிடலாம். படபடப்பு, தூக்கமின்மை, கை நடுக்கம் வருகிறது, "தம் இல்லாததால்தான்" என்று நினைத்து ஒன்று பற்றவைத்துவிடுவார்கள். ஐந்து குடிப்பவர் முதல் நாளிலிருந்தே மூன்றாக்கிக்கொள்ளுங்கள், மாலை 4 மணிக்கு மேல் வேண்டாம். கம் போடுவதால் இது மாறாது, இது புகையின் வேலை, நிகோடினின் வேலை இல்லை. இதே காரணத்தால் ஆஸ்துமாவுக்குத் தியோபிலின், மனநலத்துக்குக் குளோசபின், ஒலான்சபின் எடுப்பவர்களுக்கு மருந்தின் அளவு ரத்தத்தில் கூடும். விடும் தேதியை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

டாஸ்மாக் பக்கம் முதல் ஒரு மாதம் போகாமல் இருப்பதே மேல். சரக்கு உள்ளே போனால் உறுதி கரைந்துவிடும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரே நீட்டுவார்.

ஒன்று அடித்துவிட்டால்? மிச்சத்தை அந்த இடத்திலேயே நசுக்குங்கள், "திங்கட்கிழமை புதுசா தொடங்கலாம்" என்று மூன்று நாள் வாங்காதீர்கள். பழைய காகிதத்தை எடுத்து, எங்கே, யாரோடு என்று எழுதுங்கள். அந்த ஓட்டையைத்தான் அடைக்க வேண்டும். முதல் முறையிலேயே விட்டவர்கள் குறைவு, பல முறை முயன்று விட்டவர்களே அதிகம்.

மாற்றாக வேறொன்றுக்குப் போகாதீர்கள். பீடி சின்னது, இலை, இயற்கை என்பது கட்டுக்கதை. அணையாமல் இருக்க அடிக்கடி இழுக்க வேண்டியிருப்பதால் கார்பன் மோனாக்சைடும் தாரும் கூடத்தான் போகும். ஹான்ஸ், கூல் லிப், மாவா என்று வாயில் ஒதுக்கும் புகையிலை எல்லாம் நிகோடினை நெஞ்சிலிருந்து வாய்க்கு மாற்றுகிறது, கூடவே வாய்ப்புற்றுநோயையும் அழைத்து வருகிறது. வேப் என்று சொல்லும் மின்சிகரெட் விற்பனை 2019 முதல் நாடு முழுக்கத் தடை.

பேச ஆள் வேண்டுமென்றால் 1800-11-2356 இலவச எண். சிகரெட் பெட்டியிலேயே அச்சிட்டிருப்பார்கள், யாரும் படிப்பதில்லை. தமிழிலும் பேசலாம்.

உடம்பு என்ன செய்கிறது

"லங் டீடாக்ஸ்" என்று ஆன்லைனில் விற்கும் டீத்தூளும் சொட்டு மருந்தும் நுரையீரலுக்குள் போவதே இல்லை, வயிற்றுக்குத்தான் போகிறது. கழுவும் வேலையை உடம்பு தானே செய்யும், நம் வேலை குறுக்கே நிற்காமல் இருப்பது.

20 நிமிஷத்தில் நாடித்துடிப்பு இறங்கும். ஒரு நாளுக்குள் ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு வழக்கமான அளவுக்கு வரும், அதனால் ஆக்சிஜன் தூக்கும் ரத்தத்தின் சக்தி திரும்பும். 2 முதல் 12 வாரத்தில் ரத்த ஓட்டமும் மூச்சின் அளவும் தேறும். ஒரு வருஷத்தில் இதய நோய் ஆபத்தில் கூடுதலாக ஏறியிருந்தது பாதியாகும், பத்து வருஷத்தில் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து, தொடர்ந்து புகைப்பவரோடு பார்த்தால் பாதியளவு.

இடையில் ஒரு விசித்திரம்: விட்ட சில நாளில் இருமலும் சளியும் கூடும். மூச்சுக்குழாய்ச் சுவரில் சின்ன மயிர்கள் இருக்கின்றன. அவை அசைந்து அசைந்து சளியை மேலே தள்ளும் துடைப்பம் மாதிரி. புகை அவற்றை மரக்கவைத்திருந்தது. இப்போது அவை விழித்து, சேர்ந்த குப்பையைப் பெருக்குகின்றன. பழுப்புச் சளி வந்தால் பயந்து "தம் அடிச்சப்போ நல்லா இருந்தேனே" என்று திரும்பிப் போகாதீர்கள். இருமலை அடக்கும் சிரப்பும் இந்த நேரத்தில் வேண்டாம்.

சளியை எளிதாக வெளியேற்ற ஒரு முறை. நாற்காலியில் முதுகு நிமிர்ந்து உட்கார்ந்து, வயிறு எழும்பும்படி நிதானமாக மூன்று மூச்சு. அடுத்த மூச்சை ஆழமாக இழுத்து 3 விநாடி நிறுத்துங்கள். பிறகு வாயை அகலமாகத் திறந்து, கண்ணாடியில் ஆவி படியவைப்பதுபோல் "ஹா..." என்று நெஞ்சின் அடியிலிருந்து விசையாகத் தள்ளுங்கள். தொண்டையைக் கிழிக்கும் இருமலாக வேண்டாம். இரண்டு தரம் இப்படிச் செய்து, சளி மேலே ஏறியதும் ஒரே ஒரு இருமல். பின் சாதாரண மூச்சு. காலை ஒரு தரம், மாலை ஒரு தரம், ஐந்து சுற்று போதும். தலை சுற்றினால் வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம்.

தண்ணீர் சளியை இளக்கும். சிறுநீர் வெளுத்த மஞ்சளாக இருக்கும்படி குடித்தால் போதும், லிட்டர் கணக்கு போட வேண்டாம். சிறுநீரக, இதய நோயாளிகள் டாக்டர் சொன்ன அளவு. தூதுவளை ரசம், ஆடாதோடைக் கஷாயம் தொண்டைக்கு இதம் தரும், நல்லது, தாரைக் கரைப்பதாக நினைக்கவேண்டாம். ஆவி பிடிப்பது மூக்கடைப்புக்குத்தான், கொதிக்கும் குண்டான் கவிழ்ந்தால் வெந்துபோகும்.

அடுத்து, வேறு புகையை உள்ளே விடாமை. புகையை விட்டவர் ராத்திரி கொசுவர்த்திச் சுருளைக் கட்டிலடியில் ஏற்றிக்கொண்டு படுப்பார். பக்கிங்காம் கால்வாய் ஓரத்தில் கொசுவுக்குப் பஞ்சமில்லை, வேறென்ன செய்வது என்று கேட்பீர்கள். ஒரு சுருள் எரிந்து தீரும்போது வெளியாகும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003-ல் ஓர் ஆய்வு அளந்து சொன்னது. வலை கட்டுங்கள், ஜன்னலுக்கு நெட் அடியுங்கள். போகியன்று டயர் எரிப்பதைத் தள்ளியிருந்து பாருங்கள். மணலிப் பக்கக் காற்றில் நெடி வரும் நாளில், கொடுங்கையூர் குப்பைமேடு புகையும் நாளில், நடைப்பயிற்சியை வீட்டு மாடிப்படியில் செய்யுங்கள்.

நடை முக்கியம். முதல் வாரம் 15 நிமிஷம், வாரத்துக்கு 5 நிமிஷம் கூட்டி 30-க்குக் கொண்டுபோங்கள். நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது, அந்த வேகம். எண்ணூர் ரோட்டில் லாரி ஓடும் ஓரத்தில் நடப்பதில் பலனைவிடத் தூசி அதிகம். திருவொற்றியூர் தெருக்களின் உள்பக்கமோ கடற்கரையோ தேடிக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டில் பெரிய விதி எதுவும் இல்லை. புகைத்தவர்களுக்கு வைட்டமின் சி கூடுதலாகச் செலவாகியிருக்கும், ஒரு கொய்யாவோ நெல்லிக்காயோ போதும். ஆனால் "ஆன்டிஆக்சிடன்ட்" என்று விற்கும் பீட்டா கரோட்டின் மாத்திரையைத் தொடாதீர்கள். 1994-ல் முடிவு வந்த பின்லாந்து ஆய்வில், புகைக்கும் ஆண்களுக்கு நாளைக்கு 20 மி.கி. கொடுத்தபோது நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியது. கேரட் சாப்பிடுவதில் எந்தப் பிரச்சனையும் இல்லை.

மலச்சிக்கல் பலருக்கு வரும், நிகோடின் குடலை ஓட்டிக்கொண்டிருந்தது. கீரை, வாழைப்பழம், ராத்திரி ஊறவைத்த உலர்திராட்சை. வாய்ப்புண் சில வாரத்தில் ஆறும். எடை சராசரியாக 4 முதல் 5 கிலோ கூடும். முதல் மாதத்தில் பட்டினி கிடந்து இதைத் தடுக்கப்பார்த்தால் எடைக் கட்டுப்பாடு, தம்மை விடுவது இரண்டும் தோற்கும். பஜ்ஜி கேட்கும் மாலை நேரத்துக்குச் சுண்டலை முன்கூட்டியே தயார் வையுங்கள், அது போதும். சர்க்கரை நோயாளிகளுக்கு ரத்தச் சர்க்கரை அளவு மாறலாம், அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள்.

டாக்டரைப் பார்க்க வேண்டியவை

இரண்டு வாரம் தாண்டிய இருமல், சளியில் ரத்தம், மாலைக் காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு: "துடைப்பம் வேலை செய்கிறது" என்று சும்மா இருக்காமல் காசநோய்ப் பரிசோதனைக்குப் போங்கள். புகைத்தவர்களுக்குக் காசநோய் ஆபத்து அதிகம். பரிசோதனையும் சிகிச்சையும் அரசு மருத்துவமனைகளில் இலவசம், பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலோ கேட்கலாம். மாடி ஏறினாலே இளைப்பு என்றால் ஸ்பைரோமெட்ரி என்ற ஊதும் பரிசோதனை கேளுங்கள். நெஞ்சுவலி இடக்கைக்கோ தாடைக்கோ பரவினால் 108. வாயில் ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ இரண்டு வாரத்துக்கு மேல் நின்றாலும், மூன்று விரல் நுழையும்படி வாய் திறக்க வரவில்லை என்றாலும், கோட்டை ரயில் நிலையம் எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரியில் காட்டுங்கள்.

மனம் சோர்ந்து, எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரம் போனாலும் அதே மாதிரி சொல்லுங்கள். அதற்கு மருந்தும் பேச்சும் இருக்கிறது, தம் அதற்கு மருந்து இல்லை. 90-ஆவது நாள் வாக்கில் கம் எண்ணிக்கை இரண்டு மூன்றுக்கு வந்திருக்கும். அது ஒன்றாகி, ஒன்று பாதியாகிறபோது மிச்ச அட்டையை வீட்டிலேயே வைத்துவிட்டு வேலைக்குப் போய்ப் பாருங்கள்.